ஊசியின் காதை இடம் மாற்றியவர்



ஐப்பசி வந்துவிட்டால் நம் மயிலாடுதுறையில் இரண்டு கூட்டங்களைப் பார்க்கலாம். ஒன்று காவிரித் துலாக்கட்டத்தில், இன்னொன்று தையல் கடை வாசலில். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ரவிக்கைத் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், எந்தத் தையல்காரரும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார். அப்போதுதான் நமக்கு வீட்டில் துணி போர்த்தி மூலையில் நிற்கும் தையல் மெஷின் நினைவுக்கு வரும்.

தூசி தட்டி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு உட்காருவீர்கள். நாலு தையல் ஒழுங்காகப் போகும், ஐந்தாவது விட்டுப்போகும். நூல் அறும். கடைசியில் ஊசி ஒடியும். மெஷினுக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி மறுபடியும் மூடி வைத்துவிடுவீர்கள். ஆனால் பெரும்பாலும் தப்பு மெஷினில் இருக்காது. தவறான ஊசியைப் போட்டிருப்போம், அல்லது சரியான ஊசியைத் தவறாகப் போட்டிருப்போம்.

அந்தச் சின்ன ஊசியை நமக்குத் தந்தவரின் வாழ்க்கையைத்தான் இந்த இதழில் சொல்லப்போகிறேன். அதைத் தெரிந்துகொண்டால் ஊசி மாற்றுவதும் தானாகவே புரிந்துவிடும்.

நம் மாவட்டத்துக்கு ஊசிக் கதை புதிதல்ல. பூம்புகாரில் பெரும் வணிகராக இருந்தவர் காதற்ற ஊசி ஒன்றைப் பார்த்த பிறகு எல்லாவற்றையும் துறந்து பட்டினத்தாரானார் என்பது நம் பாட்டிமார் சொன்ன கதை. இங்கே நாம் பார்க்கப்போவது காது இடம் மாறிய ஊசியின் கதை. இதில் வருபவர் ஒன்றும் இல்லாமல் இருந்து பெரும் பணக்காரரானார். ஆனால் அந்தப் பணம் யாருக்காக வந்திருக்க வேண்டுமோ, அவர் அதைப் பார்க்கவில்லை.

ஆறு வயதில் கம்பி குத்திய கை

எலியாஸ் ஹோவ் 1819 ஜூலை 9 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பென்சர் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலமும் மாவு ஆலையும் உண்டு. பிள்ளைகள் நிறைய, வருமானம் குறைவு. பஞ்சைச் சீவும் பட்டைகளுக்காகத் தோலில் சின்னச் சின்னக் கம்பிகளைக் குத்தும் வேலையை ஹோவ் ஆறு வயதிலேயே அண்ணன் தம்பிகளுடன் உட்கார்ந்து செய்தார். பிறவியிலேயே ஒரு காலில் லேசான ஊனம் இருந்ததால் கடும் உடலுழைப்பு அவருக்குச் சரிப்படவில்லை.

1835இல் லோவல் நகரத்தில் நெசவு இயந்திரங்கள் செய்யும் பட்டறையில் சேர்ந்தார். 1837இல் வந்த பொருளாதார நெருக்கடியில் அந்த வேலை போனது. பிறகு பாஸ்டனில் கருவிகள் செய்யும் ஆரி டேவிஸ் என்பவரின் பட்டறைக்கு வந்தார. அங்கே ஒரு நாள், தைக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்பவனுக்குப் பெரும் செல்வம் சேரும் என்று முதலாளி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது இவர் காதில் விழுந்தது. அப்போது இவருக்கு இருபது வயது இருக்கும்.

1841இல் எலிசபெத்தைத் திருமணம் செய்துகொண்டார். வாரச் சம்பளம் 9 டாலர். மூன்று குழந்தைகள். உடல்நிலை அடிக்கடி கெட்டு ஹோவ் படுத்துவிடுவார். அப்போதெல்லாம் எலிசபெத் அக்கம்பக்கத்துத் துணிகளை வாங்கிவந்து இரவில் விளக்கு வெளிச்சத்தில் தைத்துக் குடும்பத்தை ஓட்டினார். படுத்தபடியே மனைவியின் கை போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம் ஹோவ். பட்டறையில் கேட்ட பேச்சும் கண்முன் தெரிந்த அந்தக் கையும் அவர் மனதில் ஒன்றுசேர்ந்தன.

காது எங்கே இருக்க வேண்டும்?

முதலில் மனைவியின் கையை அப்படியே இயந்திரமாக்கப் பார்த்தார். இரண்டு பக்கமும் கூர், நடுவில் காது வைத்த ஊசி ஒன்றைச் செய்தார். அது துணிக்குள் முழுதாகப் புகுந்து மறுபக்கம் வந்து, திரும்பவும் புக வேண்டும். ஒரு வருடம் போலப் போராடியும் சரிப்படவில்லை.

கைத்தையலில் நடப்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஊசியின் கூர் முன்னால் போகும், காது பின்னால் இருக்கும். அதனால் நூல் மறுபக்கம் போக வேண்டுமானால் முழு ஊசியும் துணியைத் தாண்டியாக வேண்டும். கையால் இது சுலபம். ஒரு விரல் விட, இன்னொரு விரல் பிடித்துக்கொள்ளும். இயந்திரத்துக்கு அந்த விட்டுப் பிடிக்கும் வேலைதான் வராது.

1844இல் ஹோவுக்கு விடை கிடைத்தது. காதைக் கூருக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார். இப்போது முழு ஊசியும் துணியைத் தாண்ட வேண்டியதில்லை. நுனி மட்டும் உள்ளே போய் நூலைக் கொண்டுசேர்த்துவிட்டுத் திரும்பினால் போதும். திரும்பும்போது துணிக்கு அடியில் நூல் ஒரு சின்னக் கண்ணியாக நிற்கும். நெசவுத் தறியின் நாடாவைப் போன்ற ஒன்று, தன் நூலோடு அந்தக் கண்ணிக்குள் புகுந்து ஓடும். மேல்நூலும் கீழ்நூலும் பின்னிக்கொள்ளும். இன்று நம் மெஷினில் அந்த நாடாவின் வேலையை ஷட்டிலும் பாபினும் செய்கின்றன. கூறைநாட்டில் தறி ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. ஹோவ் இளவயதில் வேலை கற்றதே நெசவு இயந்திரப் பட்டறையில்தான்.

காட்டுவாசிகள் தன்னைச் சூழ்ந்து நிற்பதாகவும், அவர்கள் ஈட்டியின் நுனியில் ஓட்டை இருந்ததாகவும் ஹோவ் கனவு கண்டார் என்று ஒரு கதை உண்டு. அவர் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கனவுக்கு முன்னால் ஒரு வருடத் தோல்வி இருந்தது.

வென்ற இயந்திரம், வராத வாடிக்கையாளர்

கரி, விறகு வியாபாரம் செய்த ஜார்ஜ் ஃபிஷர் என்ற நண்பர் தன் வீட்டிலேயே ஹோவ் குடும்பத்துக்கு இடம் கொடுத்து, 500 டாலரும் தந்தார். பதிலுக்குக் கண்டுபிடிப்பில் பாதிப் பங்கு. அந்த வீட்டு மச்சில்தான் இயந்திரம் உருவானது. 1845இல் அதைக் கொண்டு இரண்டு கம்பளி உடுப்புகள் தைத்தார்கள். ஒன்று நண்பருக்கு, ஒன்று ஹோவுக்கு.

பிறகு பாஸ்டனில் ஒரு போட்டி வைத்தார். ஒரே நீளமுள்ள பத்துத் தையல்கள். ஐந்தைக் கைதேர்ந்த ஐந்து பெண்களிடம் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். மீதி ஐந்தையும் ஹோவ் ஒருவரே தன் இயந்திரத்தில் தைத்தார். நிமிடத்துக்குச் சுமார் 250 தையல். அவர்கள் ஒன்றை முடிப்பதற்குள் இவர் ஐந்தையும் முடித்துவிட்டார்.

எல்லோரும் வியந்தார்கள். ஒருவரும் வாங்கவில்லை. விலை 300 டாலர் அளவில் இருந்தது ஒரு காரணம். தையல்காரர்களின் பிழைப்பு போய்விடும் என்ற பயம் இன்னொரு காரணம். அந்தப் பயத்தை லேசாக எண்ணிவிடாதீர்கள். பிரான்ஸில் திமோனியே என்பவரின் தையல் இயந்திரங்கள் இருந்த இடத்துக்குள் 1831இல் தையல்காரர்கள் புகுந்து அவற்றை உடைத்தார்கள். நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் என்பவர் ஹோவுக்குப் பத்து வருடம் முன்பே நுனியில் காது வைத்த ஊசியோடு ஓர் இயந்திரம் செய்திருந்தார். தைத்துப் பிழைக்கும் ஏழைப் பெண்கள் பட்டினி கிடப்பார்கள் என்று மகள் சொன்னதால் அதைக் காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார் என்கிறார்கள். நாம் இன்றும் பயன்படுத்தும் சேஃப்டி பின்னுக்கு 1849இல் காப்புரிமை வாங்கியவரும் இதே ஹன்ட்தான்.

ஹோவ் 1846 செப்டம்பர் 10 அன்று காப்புரிமை பெற்றார். எண் 4750.

கப்பலில் சமையல்காரர்

அமெரிக்காவில் விலைபோகாததை ஹோவின் சகோதரர் அமாசா லண்டனுக்குக் கொண்டுபோய், வில்லியம் தாமஸ் என்ற உடுப்பு வியாபாரிக்கு 250 பவுனுக்கு விற்றார். அவருக்கு வேலை செய்ய ஹோவும் 1847இல் லண்டன் போனார். மனைவியும் குழந்தைகளும் பின்னாலேயே வந்தார்கள். சில மாதங்களில் முதலாளியோடு மனக்கசப்பு. வேலை போனது. குடும்பத்தைக் கடன் வாங்கி ஊருக்கு அனுப்பினார். இயந்திர மாதிரியையும் காப்புரிமைப் பத்திரத்தையும் அடகு வைத்தார். புலம்பெயர்வோர் போகும் கப்பலில் சமையல் வேலை பார்த்தபடி 1849இல் நியூயார்க் வந்து இறங்கினார். கையில் சில காசுகள்தான்.

இறங்கியதும் வந்த செய்தி, எலிசபெத் காசநோயில் சாகக் கிடக்கிறார் என்பது. போக வண்டிச் சத்தம் இல்லை. அப்பாவிடம் 10 டாலர் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். மனைவியின் உயிர் இருக்கும்போதே பார்க்க முடிந்தது, அவ்வளவுதான். இறுதிச் சடங்குக்கு உடுத்திக்கொள்ள நல்ல உடை இல்லை, மைத்துனரிடம் இரவல் வாங்கினார். உலகத்துக்கே உடுப்பு தைக்கப்போகும் இயந்திரத்தைச் செய்தவரின் நிலை இது.

சிங்கர் வந்தார்

ஹோவ் ஊரில் இல்லாதபோது பலர் தையல் மெஷின் செய்து விற்க ஆரம்பித்திருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர், நம் எல்லோருக்கும் பெயர் தெரிந்த ஐசக் மெரிட் சிங்கர். 1811இல் பிறந்தவர், நாடக நடிகர். 1850இல் பாஸ்டன் பட்டறை ஒன்றில் பழுதுக்கு வந்த தையல் மெஷினைப் பார்த்துவிட்டு அதைத் திருத்தி அமைத்தார். 1851இல் காப்புரிமை வாங்கினார்.

சிங்கர் செய்த மாற்றம் பெரியது. ஹோவின் இயந்திரத்தில் ஊசி வளைந்திருக்கும், பக்கவாட்டில் ஆடும். துணியை நிமிர்த்திக் குத்தி நிறுத்த வேண்டும், கொஞ்ச நீளம் தைத்ததும் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். சிங்கர் ஊசியை நேராக்கி, மேலிருந்து கீழே இறங்க வைத்தார். துணி பலகைமேல் படுத்தது, பிரஷர் ஃபுட் அதை அமுக்கிப் பிடித்தது, காலால் மிதித்து ஓட்ட முடிந்தது. துணியை நகர்த்தித் தரும் பற்களை ஆலன் வில்சன் என்ற இன்னொருவர் செம்மைப்படுத்தினார். உங்கள் வீட்டு மெஷின் ஒருவர் செய்தது அல்ல, பலர் சேர்ந்து செய்தது. ஆனால் ஊசியின் நுனியில் இருக்கும் காது ஹோவின் காப்புரிமை. அதைத் தொடாமல் யாராலும் மெஷின் செய்ய முடியவில்லை.

ஹோவ் வழக்குப் போட்டார். ஹன்ட் முன்பே செய்திருக்கிறார் என்று சிங்கர் தரப்பு வாதாடியது. ஹன்ட் காப்புரிமை வாங்காமல் கைவிட்டது ஹோவுக்குச் சாதகமாயிற்று. 1854இல் நீதிமன்றம் ஹோவ் பக்கம் தீர்ப்பளித்தது. சிங்கர் 15,000 டாலர் கட்டினார். 1856இல் பெரிய தயாரிப்பாளர்கள் எல்லோரும் காப்புரிமைகளை ஒன்றாகச் சேர்த்து ஒப்பந்தம் போட்டார்கள். விற்கும் ஒவ்வொரு மெஷினுக்கும் ஹோவுக்கு 5 டாலர், 1860க்குப் பிறகு 1 டாலர். மொத்தம் 20 லட்சம் டாலர் வரை சம்பாதித்திருப்பார் என்று கணக்கிடுகிறார்கள்.

பணம் வந்த பிறகும் ஹோவ் பழைய மனிதராகவே இருந்தார். உள்நாட்டுப் போரில் 1862இல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, படைப்பிரிவுக்குக் குதிரையில் தபால் கொண்டுவரும் வேலை பார்த்தார். அரசு சம்பளம் தர மாதக்கணக்கில் தாமதித்தபோது தன் பணத்தை முன்பணமாகக் கொடுத்துச் சிப்பாய்களுக்குச் சம்பளம் போடச் செய்தார். 1867 அக்டோபர் 3 அன்று 48 வயதில் இறந்தார். அவருடைய காப்புரிமை முடிந்ததும் அதற்கு முந்தைய மாதத்தில்தான்.

காந்தி சொன்ன கதை

1924இல் டெல்லியில் ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர் காந்தியிடம், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். இவர்தான் பின்னாளில் மனைவி டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கியவர். காந்தியோ 1915 மே மாதமே நம் ஊருக்கு வந்து பேசிவிட்டுப் போனவர். அறிவோடு பார்த்து விலக்கு அளிப்பேன் என்ற பொருளில் பதில் சொன்ன காந்தி, அதற்கு உதாரணமாகக் காட்டியது சிங்கர் தையல் மெஷினை. மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைத்துப்போவதைப் பார்த்த சிங்கர், அவர்மேல் இருந்த அன்பினால்தான் அதைச் செய்தார் என்றும், அதனால் தையல் வேலை உள்ள எல்லோருடைய உழைப்பும் மிச்சமானது என்றும் விளக்கினார்.

சிங்கரின் வாழ்க்கை அப்படி இல்லை. அவருக்கு ஒரே நேரத்தில் பல குடும்பங்கள், இருபதுக்கு மேல் பிள்ளைகள். மெஷினில் அவர் தேடியது பணம்தான். காந்தி சொன்ன கணவன் ஒருவர் இருந்தார் என்றால், அது ஹோவ். விளக்கடியில் தைத்த மனைவி என்றால், அது எலிசபெத். மெஷின்மேல் எழுதிய பெயரோடு அந்த அன்பும் சிங்கருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் காந்தி பார்த்த அளவுகோல் சரியானதுதான். யாருடைய கை வலியைக் குறைக்கிறது என்பதுதான் ஒரு கருவியின் மதிப்பு. இன்றும் ஏழைப் பெண்களுக்குத் தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் தையல் மெஷின் தருவது அதே எண்ணத்தில்தான்.

இனி உங்கள் மெஷினுக்கு

ஊசியைத் தனியாகக் கையில் எடுத்துப் பாருங்கள். மேல்தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். வீட்டு மெஷின் ஊசியின் அடையாளம் அது. கடைகளில் எச்.ஏ. × 1 என்று கேட்டால் கொடுப்பார்கள். முழுக்க உருண்டைத் தண்டுள்ளது பெரும்பாலும் தொழிற்சாலை மெஷினுக்கானது. இரண்டும் மாறினால் வேலைக்கு ஆகாது. வாங்கப் போகும்போது பழைய ஊசியையே கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

தட்டைக்கு எதிர்ப்பக்கம் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். ஊசி இறங்கும்போது நூல் அந்தப் பள்ளத்தில் பதிந்து துணியில் உரசாமல் போகும். தட்டைப் பக்கத்தில், காதுக்குச் சற்று மேலே சின்னக் குழிவு இருக்கும். ஹோவின் கண்ணி உருவாவது அங்கேதான். ஷட்டிலின் கூர் அந்த இடத்தை ஒட்டிப் போய்க் கண்ணியைப் பிடிக்கும். ஊசி திரும்பியிருந்தாலோ, மேலே முட்டாமல் அரை அரிசி அளவு இறங்கியிருந்தாலோ, ஷட்டிலுக்குக் கண்ணி அகப்படாது. தையல் விட்டுப்போவதன் ரகசியம் இவ்வளவுதான்.

எண்ணைத் தேர்ந்தெடுப்பது இப்படி:

– பட்டு, ஷிபான், ஜார்ஜெட்: 9 (65) அல்லது 11 (75)
– ரவிக்கைத் துணி, மெல்லிய பருத்தி: 11 (75)
– சுடிதார், சட்டை, தலையணை உறை: 14 (90)
– ஜீன்ஸ், தடித்த திரைச்சீலை: 16 (100)
– கேன்வாஸ் பை: 18 (110)

அடைப்புக்குள் இருப்பது ஊசியின் தடிமன். 90 என்றால் 0.9 மில்லிமீட்டர். எண் கூடக்கூட ஊசி தடிக்கும். பனியன் துணிக்கு உருண்டை முனை ஊசி தனியாக உண்டு. கூர் ஊசி அதன் இழையை அறுத்துவிடும். நூலும் ஊசியும் பொருந்துகிறதா என்று பார்க்க, கழற்றிய ஊசியில் ஒரு முழம் நூலைக் கோத்துச் சாய்வாகப் பிடியுங்கள். ஊசி தானாக வழுக்கி இறங்கினால் பொருத்தம். நடுவில் நின்றால் ஒரு எண் பெரிதாகப் போடுங்கள்.

மாட்டும் முறை:

1. மோட்டார் மெஷின் என்றால் முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கை எடுத்துவிடுங்கள்.
2. கைச்சக்கரத்தை உங்களை நோக்கிச் சுற்றி, ஊசித்தண்டை உச்சிக்குக் கொண்டுவாருங்கள்.
3. பழைய ஊசியின் தட்டைப் பக்கம் எந்தப் பக்கம் பார்க்கிறது, நூல் எந்தப் பக்கம் இருந்து கோத்திருக்கிறது என்று கவனித்துக்கொள்ளுங்கள். மெஷினுக்கு மெஷின் இது மாறும்.
4. ஊசியைப் பிடித்துக்கொண்டு திருகைத் தளர்த்தி எடுங்கள். புதியதை அதே திசையில் வைத்து, மேலே முட்டும்வரை தள்ளித் திருகை இறுக்குங்கள்.
5. நூலை நீளப் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்து கோருங்கள்.
6. கையாலேயே இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கும் இடிக்கவில்லை என்றால் தைக்கலாம்.

ஊசி ஒடியும்வரை காத்திருக்க வேண்டாம். எட்டு மணி நேரத் தையலுக்கு ஒன்று என்பது பொதுவான கணக்கு. துணியைக் குத்தும்போது டொக் டொக் என்று சத்தம் கேட்டாலோ, நகத்தில் தேய்த்தால் முனை கீறினாலோ மாற்றிவிடுங்கள். தைக்கும்போது துணியைப் பின்னாலிருந்து இழுக்காதீர்கள். ஊசி வளைந்து தகட்டில் இடிப்பது பெரும்பாலும் அதனால்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒடிந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து ஒரு பழைய மருந்து பாட்டிலில் போட்டு மூடி வையுங்கள். பாட்டில் நிறைந்ததும், உள்ளே ஊசி இருக்கிறது என்று சொல்லித் தனியாகக் கையில் கொடுங்கள். நம் குடியிருப்பின் குப்பையைக் கையால் பிரிப்பவர்களும் பெரும்பாலும் பெண்கள்தான். ஒரு பெண்ணின் கை நோகக் கூடாது என்று தொடங்கிய ஊசி, இன்னொரு பெண்ணின் கையில் குத்த வேண்டாமே.

அனைவருக்கும் தீபாவளி நல்வாழ்த்துகள்.